டிவி காலி செய்த இடத்தில் கார்ட்லெஸ் மைக்குக்கு அலைவரிசை தேடுவது எப்படி

சாயங்காலம் 4 மணிக்கு சவுண்ட் செக் முடிந்தபோது ஏழு காலர் மைக்கும் சுத்தமாக இருந்தன. காலி அரங்கு. பிள்ளைகள் மேடையின் கடைசி மூலைவரை ஓடி ஓடி வசனம் பேசிப் பார்த்தார்கள். ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை. ஆறரைக்கு அரங்கு நிறைந்தது. திரை விலகி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மூன்றாவது மைக் கரகரத்தது. அப்புறம் ஐந்தாவது. அப்புறம் பாட்டி வேடம் போட்டிருந்த சிறுமியின் குரல் பாதி வசனத்தில் நின்றுபோனது. அவள் வாயசைத்துக்கொண்டே இருக்கிறாள், கை ஆட்டுகிறாள், சத்தம் மட்டும் இல்லை. மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த வசனம் அது.

என் உதவியாளன் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய் அந்த மைக்கின் பெல்ட் பேக்கை (இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் பெட்டி) மாற்றிவிட்டு வந்து ரிசீவர் முன்னால் குனிந்தான். "அண்ணே, பழைய பேக்கை ஆஃப் பண்ணி பேட்டரியையும் கழட்டிட்டேன். புதுசை இன்னும் ஆன் பண்ணவே இல்ல. ஆனா இங்க சிக்னல் விளக்கு ஏறியே நிக்குது பாருங்க" என்றான்.

மைக் அணைந்திருக்கிறது, ரிசீவரில் சிக்னல் இருக்கிறது என்றால் அந்த அலைவரிசையில் வேறு யாரோ இருக்கிறார்கள். ரிசீவர் திரையில் 718.500 மெகாஹெர்ட்ஸ். ஒரு காலத்தில் அது டிவிக்கு உரிய இடம். இப்போது செல்போன் தன் கோபுரத்தோடு பேசும் இடம். அரங்கில் எழுநூறு பேர், ஒவ்வொருவர் பையிலும் ஒரு டிரான்ஸ்மிட்டர். அந்த மைக் செட்டை எனக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எனக்கு அன்று தெரியாது.

அதற்குப் பிறகு நான் படித்தது, அளந்து பார்த்தது, பலமுறை செய்து சரிபார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான்கு மைக் வைத்திருக்கும் பள்ளிக்கும், நாடகக் குழுவுக்கும், கூட்ட அரங்குக்கும் இது போதும். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில், அந்த இடம் எப்படிக் கைமாறியது

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைச் செய்தால் மனப்பாடம் செய்த மாதிரி ஆகிவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அனலாக் டிவியில் ஒரு சேனலுக்கு ஒரு நிகழ்ச்சி. நாட்டைப் பொறுத்து ஒரு சேனலின் அகலம் 6, 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ். அந்த அகலத்துக்குள் படத்தின் சிக்னல் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 1.25 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒரு கூர்மையான முள்ளாக நிற்கும். ஒலியின் முள் மேல் விளிம்பை ஒட்டி நிற்கும். பக்கத்துப் பக்கத்துச் சேனல்களை ஒரே ஊரில் வைத்தால் பழைய டிவிப் பெட்டிகள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளும் என்பதால், ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெற்றிடம் விட்டார்கள். கார்ட்லெஸ் மைக் அந்த வெற்றிடங்களில்தான் குடியேறியது. சிக்கலான நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் டிவி சேனலின் உள்ளேயே, படத்தின் முள்ளுக்கும் ஒலியின் முள்ளுக்கும் நடுவில் மைக்கைச் செருகி நிகழ்ச்சியை ஒப்பேற்றியவர்கள் உண்டு. கலர் சிக்னலைத் தவிர அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

டிஜிட்டல் டிவியில் அந்த இடுக்கு கிடையாது. சேனலின் அகலம் முழுவதையும் ஒரே உயரத்தில் நிரப்பிவிடும். ஆனால் ஒரே சேனலுக்குள் பல நிகழ்ச்சிகள் போகும். பக்கத்துச் சேனலோடு ஒட்டி வைத்தாலும் அது தாங்கும். ஐரோப்பாவிலும் இன்னும் பல நாடுகளிலும் உள்ள முறையில் பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பவும் முடியும். இவையெல்லாம் சேர்ந்து டிவிக்குத் தேவையான இடத்தைப் பாதிக்குக் குறைத்தன என்று வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய இடத்துக்கு டிஜிட்டல் டிவிடெண்ட் என்று பெயர். 600 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை வெகுதூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். செல்போன் நிறுவனங்கள் அதற்குக் கோடிகளில் விலை பேசியது இதனால்தான்.

பெர்லின் நகரம் 2003இலேயே அனலாக் டிவியை நிறுத்திவிட்டது. நாடு முழுவதும் என்று பார்த்தால் லக்ஸம்பர்க்கும் நெதர்லாந்தும் 2006இல். அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று. பிரிட்டனில் கடைசி அனலாக் டிரான்ஸ்மிட்டர் 2012 அக்டோபரில் அணைந்தது, ஆஸ்திரேலியாவில் 2013 டிசம்பரில். ஒவ்வொரு முறையும் டிவிப் பட்டையின், அதாவது டிவிக்கு ஒதுக்கிய அலைவரிசைத் தொகுதியின், மேல்முனையிலிருந்து ஒரு துண்டை வெட்டினார்கள். ஐரோப்பாவில் முதல் துண்டு 790 முதல் 862 மெகாஹெர்ட்ஸ் வரை, அடுத்தது 694 முதல் 790 வரை. அமெரிக்காவில் முதலில் 698 முதல் 806 வரை போனது. பிறகு 614 முதல் 698 வரை.

அந்தக் கடைசித் துண்டை அமெரிக்கா எடுத்த விதம் கவனிக்கத்தக்கது. 2016 மார்ச்சில் தொடங்கி 2017 ஏப்ரலில் முடிந்த ஏலம் அது. ஒரு பக்கம் டிவி நிலையங்கள் எவ்வளவு கொடுத்தால் இடத்தை விடுவோம் என்று விலையை இறக்கிக்கொண்டே வந்தார்கள். இன்னொரு பக்கம் செல்போன் நிறுவனங்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். சுமார் 1,980 கோடி டாலர் வந்தது. அதில் 1,000 கோடிக்கு மேல் இடத்தை விட்ட 175 நிலையங்களுக்குப் போனது. தொடர்ந்து ஒலிபரப்பிய நிலையங்களில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவை வேறு சேனலுக்கு நகர்ந்தன. பத்துக் கட்டங்களாக 39 மாதம் அந்த வேலை நடந்தது. நகர்ந்த செலவையும் பெரும்பாலும் கொடுத்தார்கள். அதே இடத்தில் இருந்த மைக்காரர்களுக்கு 2020 ஜூலை 13 என்று ஒரு கெடு மட்டும் வந்தது. பிரிட்டன் இதில் பரவாயில்லை. 69ஆம் சேனலில் இருந்த மைக்குகளை 38ஆம் சேனலுக்கு மாற்றச் சொன்னபோது, பழைய கருவியை ஒப்படைத்தவர்களுக்கு அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். இடத்தைப் பறிக்கும்போது சின்ன ஆட்களுக்கும் ஈடு கொடுக்க முடியும், செய்தும் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் மைக் எங்கே உட்கார்ந்திருக்கிறது

பெல்ட் பேக்கின் பேட்டரி மூடியைத் திறங்கள். உள்ளே அல்லது பின்புறம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண்ணை விடுங்கள். மெகாஹெர்ட்ஸ் என்ற அலகோடு இரண்டு எண்கள் இருக்கிறதா பாருங்கள், அல்லது ஒரு பட்டைக் குறி. ஷூர் நிறுவனத்தின் கருவியில் ஜி50 என்றால் 470 முதல் 534 வரை, எச்50 என்றால் 534 முதல் 598 வரை, எல்50 என்றால் 632 முதல் 696 வரை. வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒரே மைக்தான். ஒன்று இன்னும் பல வருடம் ஓடும், இன்னொன்று பல நாடுகளில் இன்றே சட்டவிரோதம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அந்தக் குறியைத் தவிர வித்தியாசமே தெரியாது.

சென்ஹைசர் நிறுவனத்தின் இ பட்டை இன்னும் நல்ல உதாரணம்: 823 முதல் 865 வரை. ஐரோப்பாவில் 832 முதல் 862 வரை செல்போன் பேசுகிறது. ஆனால் அதற்குக் கீழே 823 முதல் 832 வரை மைக்குக்கு அனுமதி உண்டு, மேலே 863 முதல் 865 வரை உரிமமே வேண்டாம். ஒரே மைக்கில் இரு முனையும் நல்ல இடம், நடுவில் போகக்கூடாத இடம். பட்டைக் குறியைப் பார்த்ததோடு நிறுத்தாமல் எந்த எண்ணில் நிற்கிறீர்கள் என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, அந்த எண் எந்த டிவி சேனலுக்குள் விழுகிறது என்று கணக்குப் போடுங்கள். 8 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் உள்ள நாட்டில் அலைவரிசையிலிருந்து 470ஐக் கழித்து, 8ஆல் வகுத்து, முழு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு 21ஐக் கூட்டுங்கள். 630.400 என்றால் 160.4ஐ 8ஆல் வகுத்தால் 20.05, முழு எண் 20, 41ஆம் சேனல். அமெரிக்கா போல 6 மெகாஹெர்ட்ஸ் நாட்டில் 6ஆல் வகுத்து 14ஐக் கூட்ட வேண்டும். அதே மைக் 40ஆம் சேனலுக்குள் விழும். இந்தக் கணக்கை ஒரு அட்டையில் எழுதி, கருவிகளை அடுக்கும் ரேக்கின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அங்கே வேறு யார் இருக்கிறார்கள்

ஒவ்வொரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பும் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டம் என்று ஒரு ஆவணம் வெளியிடும். பார்க்கவே பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம், 470 முதல் 900 வரையுள்ள சில பக்கங்கள் மட்டும் போதும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அட்டவணையில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது முதன்மைச் சேவை. சாதாரண எழுத்தில் இருப்பது இரண்டாம் நிலைச் சேவை. இரண்டாம் நிலை என்றால் முதன்மையானவருக்குத் தொந்தரவு தரக்கூடாது, அவரால் வரும் தொந்தரவைப் பற்றிப் புகார் சொல்லவும் முடியாது. மைக் பெரும்பாலும் அந்த இரண்டாம் நிலையில்தான் இருக்கிறது, அதுவும் அட்டவணையில் நேரடியாக இல்லாமல் அடிக்குறிப்பில். ஐரோப்பா, ஆப்பிரிக்கா அடங்கிய முதல் மண்டலத்துக்கு 5.296 என்ற எண்ணுள்ள அடிக்குறிப்பு அது. அடிக்குறிப்பைப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

செல்போனுக்குப் போன துண்டுகளில் இன்னொரு பாகுபாடு இருக்கிறது. போன் பேசும் இடம் வேறு, கோபுரம் பேசும் இடம் வேறு. ஆசியா-பசிபிக் 700 திட்டத்தில் போன் 703 முதல் 748 வரை, கோபுரம் 758 முதல் 803 வரை. ஐரோப்பிய 700இல் போன் 703 முதல் 733 வரை, கோபுரம் 758 முதல் 788 வரை. ஐரோப்பிய 800இல் தலைகீழ்: கோபுரம் கீழே 791 முதல் 821 வரை, போன் மேலே 832 முதல் 862 வரை. அமெரிக்க 600இலும் கோபுரம் கீழே, 617 முதல் 652 வரை. போன் 663 முதல் 698 வரை.

இந்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வது ஏன் தெரியுமா? கோபுரம் இரவு பகல் பேசிக்கொண்டே இருக்கும். எப்போது ஸ்கேன் செய்தாலும் தெரியும். போன் அப்படியில்லை. ஆள் வந்தால்தான் தெரியும். காலி அரங்கில் ஸ்கேன் செய்தால் போன் பேசும் இடம் முழுக்க வெறிச்சோடி, "வா, இங்கே உட்கார்" என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அன்று என் ரிசீவரின் தானியங்கி ஸ்கேன் 718.500ஐத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். அது பொய் சொல்லவில்லை. 4 மணிக்கு அந்த இடம் உண்மையிலேயே காலி.

போனுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியில் சில நாடுகள் மைக்குக்குக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கின்றன. அமெரிக்காவில் 653 முதல் 657 வரை உரிமம் உள்ளவர்களுக்கு, 657 முதல் 663 வரை மற்றவர்களுக்கு. குறைந்த சக்தியில்தான் ஓட்ட வேண்டும். ஒன்றிரண்டு மைக்குக்கு ஆகும்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 700 துண்டில் சில நாடுகள் தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் ரேடியோவுக்கும் இடம் கொடுத்திருக்கின்றன. அமெரிக்கா 2010 ஜூன் 12க்குள் மைக்குகளை அங்கிருந்து வெளியேற்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நம் மைக் வேலை செய்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தால் எங்கோ ஒருவருடைய உதவிக் குரலின் மேல் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பட்டையில் ஒரு சோதனைக்குக்கூட மைக்கை ஆன் செய்ததில்லை.

கண்ணால் பாருங்கள்

காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன யூ.எஸ்.பி. குச்சி போதும். கம்ப்யூட்டரில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காக விற்ற குச்சிதான் அது. அதிலுள்ள ஒரு சிப், அலையை அப்படியே கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும் என்பது 2012 வாக்கில் ஆர்வலர்களிடையே பரவியது. ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்று கேட்டால் தருவார்கள். ஒரு நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான் பார்க்கும்; இலவச மென்பொருள் அதைத் துண்டு துண்டாக நகர்த்தி முழுப் பட்டையையும் வரைந்து தரும். இதே படத்தைத் தானே காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்களும் இப்போது வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன.

முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு மேடையின் கூரையைப் பிரித்து வானத்தைக் காட்டிய மாதிரி இருந்தது. டிஜிட்டல் டிவி தட்டையான தலையோடு ஒரு மேடு. இரு பக்கமும் செங்குத்தாக இறங்கும். அகலம் சரியாக ஒரு சேனல். அமெரிக்காவின் பழைய டிஜிட்டல் முறையில் அந்த மேட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன முள் கூடுதலாக நிற்கும். செல்போன் கோபுரமும் மேடுதான், ஆனால் 5, 10, 15 என்று அகலம் வேறுபடும், உச்சி கொதிக்கிற கஞ்சி மாதிரி துள்ளும். மைக் ஒற்றை ஊசி. பேசினால் ஊசியின் அடி கொஞ்சம் விரியும்.

ஸ்கேன் செய்யும்போது கவனிக்க வேண்டியவை. உங்கள் மைக் எல்லாவற்றையும் அணைத்து விடுங்கள். எல்.இ.டி. திரை இருந்தால் ஆன் செய்து, படம் ஓடவிட்டுப் பாருங்கள். சில திரைகள் பட்டை முழுவதும் இரைச்சலை உயர்த்தும், திரை அணைந்திருக்கும்போது அது தெரியாது. ஆண்டெனா நிற்கப்போகும் இடத்திலேயே குச்சியையும் வைத்துப் பாருங்கள். தெருவில் பார்த்த படம் அரங்குக்குள் பொருந்தாது. டிவி கோபுரம் பக்கத்தில் இருந்தால் இந்த மலிவான குச்சி திணறி, இல்லாத சிக்னலையும் காட்டும். மென்பொருளில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, குறைத்தால் உண்மையான சிக்னல் அதற்கேற்ப இறங்கும், பொய்யானது சட்டென்று மறையும்.

எண்களைத் தேர்ந்தெடுப்பது

காலியான டிவி சேனல் ஒன்றைக் கண்டுபிடித்தாயிற்று. 8 மெகாஹெர்ட்ஸ். ஒரு மைக் எடுத்துக்கொள்வது சுமார் 0.2. அப்படியானால் நாற்பது மைக் வைக்கலாமே என்று என் உதவியாளன் கேட்டான், எல்லாரும் கேட்பதுதான். சாதாரண எஃப்.எம். மைக்கில் எட்டு முதல் பத்து வைத்தாலே பெரிய விஷயம். டிஜிட்டல் மைக்கில் கூடுதலாகும்.

காரணம் இதுதான். இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் மூன்றாவது, நான்காவது என்று இல்லாத மைக்குகள் பிறக்கும். 500.0, 501.0 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் 499.0, இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 502.0. இந்த இரண்டு இடங்களிலும் பேய் சிக்னல் நிற்கும். நீங்கள் ஒழுங்காக 500, 501, 502 என்று சம இடைவெளியில் வைத்தால் மூன்றாவது மைக் நேராகப் பேயின் மேல் உட்காரும். மனித மனம் சம இடைவெளியைத்தான் விரும்பும், இங்கே அதுதான் கெடுதல்.

500.0, 500.6, 501.5 என்று வைத்துப் பாருங்கள். பிறக்கும் பேய்கள் 498.5, 499.4, 499.7, 501.2, 502.4, 503.0 என்று விழும். மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கில் 499.1, 500.9, 502.1. எதுவும் எந்த மைக்கையும் 0.3 மெகாஹெர்ட்ஸை விடக் கிட்டே நெருங்கவில்லை. மூன்று மைக்குக்கு இதைக் காகிதத்திலேயே போடலாம், ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன், புரிதல் வந்துவிடும். நான்குக்கு மேல் போனால் மைக் தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தரும் மென்பொருளிடம் விடுங்கள், அல்லது ரிசீவரிலேயே உள்ள குரூப், சேனல் பட்டியலைப் பயன்படுத்துங்கள். ஒரே குரூப்புக்குள் உள்ள எண்கள் ஒன்றோடொன்று சண்டை போடாதபடி தொழிற்சாலையிலேயே கணக்குப் போட்டு வைத்தவை. இரண்டு குரூப்பிலிருந்து கலந்து எடுக்கக்கூடாது. பலர் செய்யும் தவறு இது.

ஆன் செய்த மைக்குகளை ஒரே மேஜையில் அடுக்கி வைக்காதீர்கள். நெருக்கத்தில் பேய்கள் பெருகும். மேடை சின்னதாக இருந்தால் மைக்கின் சக்தியைக் குறைத்து வையுங்கள். கூட்டினால் நல்லது என்று தோன்றும், பல மைக் உள்ள இடத்தில் அது எல்லாருக்கும் கெடுதல்.

ஆண்டெனா, கேபிள்

இதில் நீட்ட வேண்டியதில்லை. 600 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 50 செ.மீ.; ரிசீவர் பின்னால் உள்ள சின்னக் குச்சி ஆண்டெனா அதில் கால் பங்கு, சுமார் 12 செ.மீ. இருக்கும். இரண்டையும் ஆங்கில வி வடிவில் சாய்த்து, ரேக்கின் இரும்புக்கு வெளியே வையுங்கள். மனித உடம்பு தண்ணீர், அலையைக் குடித்துவிடும். ஆண்டெனாவைத் தலைகளுக்கு மேலே தூக்குங்கள். முடிந்தால் ரிசீவரையே மேடையோரம் வைத்து ஒலியைக் கேபிளில் கொண்டுபோங்கள். மெல்லிய ஆர்.ஜி.-58 கேபிளில் 30 மீட்டர் ஓட்டினால் இந்த அலைவரிசையில் சுமார் 10 டெசிபெல் போய்விடும். அதாவது சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மறுமுனைக்கு வரும். பூஸ்டர் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் தூக்கும். தடிமனான கேபிள் வாங்குங்கள்.

நிகழ்ச்சி நாளில்

கதவு திறந்து ஆட்கள் உட்கார்ந்த பிறகு, நிகழ்ச்சி தொடங்கும் முன், ஒவ்வொரு மைக்கையும் ஒரு பத்து விநாடி அணைத்து அதன் ரிசீவரின் சிக்னல் விளக்கைப் பாருங்கள். விளக்கு முழுதாக அணைய வேண்டும். ஒன்று எரிந்தாலும் அந்த இடத்தில் யாரோ வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த சோதனைகளில் செலவே இல்லாதது இதுதான், அன்று நான் செய்யாமல் விட்டதும் இதுதான். இப்போது என் உதவியாளன் இதை முடித்துவிட்டு "ஏழும் இருட்டுண்ணே" என்று சொன்ன பிறகுதான் திரையை விலக்கச் சொல்கிறேன்.

காலியான இரண்டு எண்களைக் கையிருப்பாக எழுதி வையுங்கள். ஒரு மைக் கெட்டால் அந்த நேரத்தில் தேடக்கூடாது. அதோடு, தொகுப்பாளர் கையில் ஒரு ஒயர் மைக் தயாராக இருக்கட்டும்.

புதிதாக வாங்குவதென்றால்

உங்கள் நாட்டின் திட்டம் அனுமதித்தால் 470க்கும் 608க்கும் இடையில் வாங்குங்கள். அதற்கு மேல் உள்ளதெல்லாம் ஆட்டத்தில் இருக்கிறது. ஆசியா-பசிபிக் பகுதிக்கு 612 முதல் 703 வரை ஒரு செல்போன் திட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 694க்குக் கீழே உள்ளதை 2030 வரையாவது டிவிக்கும் மைக்குக்கும் விட்டு வைப்பதாக முடிவெடுத்திருக்கிறது. 2023 உலக ரேடியோ மாநாட்டில் இந்தப் பகுதியைப் பற்றி நீண்ட இழுபறி நடந்தது. 2031இல் மறுபடி பேசப் போகிறார்கள். பட்டையின் அடிமுனையை நோக்கிப் போகப் போக மூச்சு விட நேரம் கூடும். அதிக அலைவரிசைகளுக்கு மாற்றி வைக்கக்கூடிய மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

டிவிப் பட்டைக்கு வெளியேயும் வழி உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் பெரும்பாலான நாடுகளில் உரிமமில்லாமல் ஓடும். சின்ன அறையில் ஒன்றிரண்டுக்குப் பரவாயில்லை, நிறைந்த அரங்கில் வைஃபையோடு மோதும். 1.9 கிகாஹெர்ட்ஸ் மைக் பேச்சுக் கூட்டத்துக்கு நன்றாக இருக்கிறது, நாட்டுக்கு நாடு பட்டை சற்று மாறுவதால் வெளிநாட்டிலிருந்து வாங்கி வராதீர்கள். 174 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வி.எச்.எஃப். பட்டையிலும் சிலர் திரும்பக் குடியேறுகிறார்கள். ஆண்டெனா 40 செ.மீ. ஆகிவிடும், காலர் மைக்குக்குத் தொல்லை. பல மைக்குகளை ஒரே அகலமான டிஜிட்டல் சிக்னலில் அடைக்கும் புதிய முறையும் வந்திருக்கிறது. பெரிய அரங்குக்காரர்களுக்கு அதுதான் எதிர்காலம் என்று நினைக்கிறேன்.

உரிமம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அலைக்கற்றை மாற்றத்துக்கு முன்னால் ஒழுங்குமுறை அமைப்புகள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். செல்போன் நிறுவனங்கள் நூறு பக்கம் எழுதும். நம்மில் யாரும் எழுதுவதில்லை. நான் கடந்த முறை இரண்டு பக்கம் எழுதினேன்: எத்தனை மைக், எந்த அலைவரிசை, வருடத்துக்கு எத்தனை நிகழ்ச்சி, மாற்றினால் எவ்வளவு செலவு. பதிவில் இருப்பவருக்குத்தான் ஈடு கேட்க வழி உண்டு. நீங்களும் எழுதுங்கள், எளிய மொழியில் எழுதினால் போதும்.

பழைய செட்டை என்ன செய்வது என்று கேட்பார்கள். அதை விற்காதீர்கள். எனக்கு வந்த மாதிரி அது தெரியாத இன்னொருவர் கைக்குப் போகும், இன்னொரு பிள்ளையின் வசனம் பாதியில் நிற்கும். அந்த ஏழு செட்டிலும் காலரில் குத்தும் மைக் மட்டும் நன்றாக இருந்தது. அவற்றை எடுத்து, பிளக்கை மாற்றிப் பற்றவைத்து, 500களில் ஓடும் புதிய பெல்ட் பேக்கில் போட்டுக்கொண்டோம். பெல்ட் பேக்குகளையும் ரிசீவர்களையும் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் ஆண்டெனாவையும் என் உதவியாளன் வெட்டிவிட்டான்.